ஏழு மாதக் குட்டி தாங்கித் தாங்கி நடக்கிறது: ‘வளர்ச்சி வலி’ என்று விட்டுவிடலாமா?

மார்ச் 4

ஏழு மாத ஆண் ஷெப்பர்ட். பெயர் முரடன், குணம் அதற்கு நேர் எதிர். நேற்றிலிருந்து முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். தூங்கி எழுந்ததும் அதிகம். கொஞ்சம் நடந்தால் குறைகிறது. ஓடி விளையாடிவிட்டுப் படுத்து எழுந்தால் திரும்ப ஆரம்பம். எங்கேயும் விழுந்து நாங்கள் பார்க்கவில்லை. கத்தவில்லை, சாப்பாட்டிலும் குறை இல்லை.

நாய் வளர்க்கும் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பெரிய ஜாதிக் குட்டி, வளர்ச்சி வலி, தானா சரியாப் போயிடும்.” எனக்கு இது பேச்சை முடித்துவைக்கச் சொல்கிற பதிலாகத் தெரிகிறது. வளரும் வயதில் வருகிற எல்லா வலியும் தானாகப் போவதில்லையே. எது போகும், எது போகாது என்று வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியுமா?

இன்னொரு சிக்கல், எந்தக் கால் என்பதிலேயே வீட்டில் சண்டை. நான் இடது என்கிறேன். அப்பா வலது என்று சத்தியம் செய்கிறார்.

மார்ச் 5

முதலில் பாதத்தைப் பாருங்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தாயிற்று. டார்ச் அடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்து, முடியை ஒதுக்கி. பெரிய மெத்தைக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்து, சேறு காய்ந்து, மிளகளவு உருண்டையாக இறுகிக் கிடந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு முனை மழுங்கிய கத்தரியால் நறுக்கி எடுத்தேன். எழுந்தான், நாலு அடி வைத்தான், அதே தாங்கல்.

நகமும் பார்த்தேன். தரையில் படாத அந்தக் கட்டைவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. அது தேயாமல் வளைந்து சதைக்குள் குத்துமாம். இவனுக்கு அப்படி இல்லை. பிளவு, வீக்கம், முள், கொப்புளம் எதுவும் இல்லை.

காதுக்குள் ஒரு உண்ணி இருந்தது. எடுத்துவிட்டேன்.

மார்ச் 5, இரவு

உண்ணி என்று எழுதியதும் உண்ணிக் காய்ச்சலா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உண்ணியால் வரும் தொற்றுகளில் மூட்டுகள் வீங்கி நாய் நொண்டுவது உண்டு. ஆனால் அப்படி வந்தால் பெரும்பாலும் நாயே சோர்ந்துபோகும், காய்ச்சல் இருக்கும், சாப்பிடாது, ஈறு வெளுக்கலாம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 38.7. நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு என்பதால் கவலை இல்லை. நம் உடம்புக் கணக்கை வைத்துப் பார்த்து “காய்ச்சல் அடிக்குது” என்று பதறுபவர்கள் நிறைய. தெர்மாமீட்டரை எங்கே வைத்தேன் என்பதை முரடன் இன்னும் மன்னிக்கவில்லை.

மார்ச் 6

கால் சண்டை தீர்ந்தது. இடதுதான்.

யாரோ சொன்னபடி கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளரவிட்டு, நேராக என்னை நோக்கி மெதுவோட்டமாக வரவைத்து போனில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. நடையில் தெரியாதது மெதுவோட்டத்தில் தெரிகிறது. தலையைப் பார்க்க வேண்டும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். அப்பா தலை இறங்கும் நேரத்தில் எந்தக் கால் கீழே இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பார்வை சரி, முடிவு தலைகீழ்.

நாய் தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதனால் முன்னங்கால் தாங்கல் இப்படித் தலையில் தெரிந்துவிடும். பின்னங்காலுக்குத் தலையை விட இடுப்பைப் பார்க்க வேண்டும். வலிக்கிற பக்கத்து இடுப்பு எகிறும்.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். “கேமரா திருப்பிக் காட்டுது” என்றார்.

மார்ச் 9

டாக்டரிடம் போய் வந்தோம். எடுத்ததும் வலிக்கிற காலைத் தொடவில்லை. நல்ல காலிலிருந்து ஆரம்பித்தார், விரல் நுனியிலிருந்து மேலே மேலே, ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டி. நல்ல காலை முதலில் பிடித்தால்தான் இந்த நாய் சாதாரணமாக எவ்வளவு முறுக்கும் என்று தெரியும் என்றார். நான் கத்துவான் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவே இல்லை. இடது முழங்கையை மடக்கும்போது மட்டும் மூச்சிரைப்பை நிறுத்தி, வாயை மூடி, உதட்டை ஒரு தடவை நக்கினான். அவ்வளவுதான். பிடித்தவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

இப்போதைக்குச் சுளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம், நாய்களுக்கான வலி மருந்து, கண்டிப்பான ஓய்வு, திரும்ப வந்தால் எக்ஸ்ரே என்றார். ஓய்வு என்றால் கயிற்றோடு வெளியே போய்விட்டு வருவது மட்டும். படி ஏறக்கூடாது, சோபாவில் தாவக்கூடாது, பந்து கூடவே கூடாது.

மார்ச் 10

“நாங்க போடுற வலி மாத்திரையில பாதி குடுத்தாப் போதும், டாக்டர் எதுக்கு?” என்று எழுதியவருக்கு: தயவுசெய்து வேண்டாம். ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண் போட்டு ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் மாதிரி மருந்துகளை டாக்டர்கள் எடை பார்த்துக் கொடுக்கிறார்கள். அதையும் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. வேறு எங்காவது ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 17

தாங்கல் போய்விட்டது. மருந்தும் முடிந்தது. சுளுக்குக் கட்சிக்காரர்கள் வெற்றி ஊர்வலம் கிளம்பலாம்.

மார்ச் 29

ஊர்வலத்தைப் பாதியில் நிறுத்துங்கள். மறுபடி நொண்டுகிறான், இந்தத் தடவை வலது. வீடியோ எடுத்தேன், சந்தேகமே இல்லை. (அப்பா: “நான் அப்பவே சொன்னேன்.”)

இப்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சுளுக்கு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நடந்து போகாது. கால் மாறி மாறி வருகிற வலி என்றாலே எல்லோரும் சொல்கிற பெயர் பானோஸ்டைட்டிஸ். நீள எலும்புகளின் உள்ளே, மஜ்ஜை இருக்கும் பகுதியில் வருகிற அழற்சி. பெரும்பாலும் 5 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள், பெரிய இனங்களில், அதிலும் ஷெப்பர்ட்களில் அதிகம், பெண்ணை விட ஆணுக்கு அதிகம். ஒரு எலும்பில் ரெண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகும், அப்புறம் வேறு எலும்பில் வரும், வளர்ந்து முடிந்ததும் போய்விடும். காரணம் என்ன என்று உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆக, எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்கிற ‘வளர்ச்சி வலி’க்கு நிஜமாகவே ஒரு நோய் உண்டு. மார்ச் 4-இல் நான் காட்டிய எரிச்சலைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பாதிதான். ஏனென்றால் இதே வயதில், இதே மாதிரிக் குட்டிகளுக்கு, தானாகப் போகாத பட்டியல் ஒன்று இருக்கிறது. முழங்கை மூட்டு சரியாக அமையாமல் போவது. தோள்மூட்டில் குருத்தெலும்பு பெயர்ந்து மிதப்பது. இது பெரும்பாலும் 4 முதல் 8 மாதத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். இடுப்பு மூட்டு தளர்ந்திருப்பது, அதில் குட்டி பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவும். எலும்பின் வளரும் தட்டில் அடிபடுவது இன்னொன்று. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் கால் வளைந்துகொண்டே வரும். முன்னங்காலில் ரெண்டு எலும்பு பக்கத்தில் பக்கத்தில் வளர்கிறது, ஒன்று நின்றுபோனால் இன்னொன்று வில்லாக வளைந்துதானே ஆக வேண்டும்.

மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, தொட்டால் சூடாக, காய்ச்சலும் சேர்ந்து குட்டி எழுந்திருக்கவே மறுத்தால் அது வேறு நோய். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 2

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. லேசான மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். துள்ளுகிற குட்டியைப் பிடித்துவைத்து எடுத்தால் படம் கோணும், கோணல் படத்தில் மூட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம்.

அதற்கு முன்னால் டாக்டர் எலும்பின் நடுப்பகுதியை விரலால் அழுத்திக் காட்டினார். தசையை ஓரமாகத் தள்ளிவிட்டு எலும்பின் மேலேயே அழுத்த வேண்டும்; தசையோடு சேர்த்துக் கசக்கினால் நல்ல நாயும் கத்தும். வலது மேற்கை எலும்பில் கை வைத்ததும் முரடன் முதல் முறையாக வாய்விட்டுக் கத்தினான். படத்தில் அந்த இடம் தெளிவாக இருந்தது. எலும்பின் உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய குழாய்க்குள் வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி. பானோஸ்டைட்டிஸ் உறுதி. ஆரம்ப நாட்களில் எடுத்தால் இந்தப் புகை தெரியாமலும் போகலாம் என்றார், அதனால் வலி இருந்து படம் சுத்தமாக வந்தாலும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

முழங்கைகளையும் எடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஷெப்பர்ட்களுக்கு முழங்கையின் பின்பக்கக் கொக்கி மாதிரியான துண்டு எலும்போடு ஒட்டாமலே நின்றுவிடுவது உண்டு. சாதாரணமாக 20 வாரத்துக்குள் ஒட்டிவிட வேண்டியது. இவனுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது. நிம்மதி.

ஏப்ரல் 3

“கால்சியம் குடுங்க, எலும்புக்கு பலம்.” இது எத்தனையாவது பதில் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வளரும் குட்டிக்கு என்று தயாரித்த முழு உணவு கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கு மேல் கால்சியம் மருந்து வேண்டாம். சின்னக் குட்டிகளின் குடல், வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடாது. கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். பெரிய இனங்களில் எலும்பும் குருத்தெலும்பும் வளரும் முறையையே அது குழப்பிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெறும் கறியும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாமல் எலும்பு மெலிந்து, சும்மா குதித்ததிலேயே மடங்கி முறியும். அங்கேயும் புட்டியை எடுத்து ஊற்றுவது தீர்வு கிடையாது, மொத்தச் சாப்பாட்டையும் டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். எடையும் முக்கியம். குண்டுக் குட்டி பார்க்க அழகு, மூட்டுக்கு எமன்.

ஏப்ரல் 20

இன்று பின்னங்கால். நொண்டுகிறான் என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நோய் தன் பாடத்திட்டப்படி போகிறது.

மே 30

எல்லாம் அடங்கிவிட்டது. பின்னங்கால், வலது முன்னங்கால் இரண்டும் சுத்தம். எலும்பை அழுத்தினாலும் கண்டுகொள்ளாமல் என் கையை நக்குகிறான்.

ஆனால் ஒரு நெருடல். படுத்து எழுந்ததும் முதல் பத்து அடி இடது முன்னங்கால் இன்னும் விறைப்பாகத்தான் விழுகிறது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நான் பைத்தியம் பிடித்த மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பதால் தெரிகிறது. வீட்டில் “அதுதான் நோய் பேர் கிடைச்சாச்சே, விடேன்” என்கிறார்கள்.

பழைய குறிப்புகளை மேலிருந்து படித்துப் பார்த்தேன். மார்ச் 9-இல் உதட்டை நக்கியது முழங்கையை மடக்கியபோது. எலும்பின் நடுவில் அழுத்தியபோது இல்லை. ஏப்ரல் 2-இல் வலது மேற்கை எலும்பில் புகை தெரிந்தது. இடதுக்கு என்ன காரணம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, வலதின் பெயரையே அதற்கும் சேர்த்து வைத்துக்கொண்டோம். பானோஸ்டைட்டிஸ் இருக்கிறது என்றால் அது மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தமா? அதுவும் முழங்கைக் கோளாறும் ஒரே வயதில், ஒரே இனத்தில் வருகிற நோய்கள். சேர்ந்து வர என்ன தடை?

மே 31

நீங்களும் பாருங்கள், நான் கற்பனை செய்கிறேனா என்று. அவன் நேராக உட்காரும்போது வலது பாதம் முன்னே பார்க்கிறது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. தையல் டேப் வைத்து மேற்கையையும் அளந்தேன், இடது கொஞ்சம் மெலிவு. ஒரு காலைச் சேமித்துச் சேமித்து வைத்தால் தசை வற்றத்தானே செய்யும்.

ஜூன் 12

எலும்பு மூட்டு மட்டும் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். வீடியோக்களைத் தேதி வாரியாகக் கொடுத்தேன், ஒன்று விடாமல் பார்த்தார். முழங்கையை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, மூட்டின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மறுபடியும் அந்த உதட்டு நக்கல். சி.டி. ஸ்கேன் எடுக்கலாம் என்றார். முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சின்ன முனை இருக்கிறது, அது உடைந்து துண்டாகியிருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்பின் நிழலுக்குள் மறைந்துவிடுமாம். ஆக, ஏப்ரலில் எடுத்த ‘சுத்தமான’ முழங்கைப் படம் பின்பக்கக் கொக்கிக்குத்தான் சான்றிதழ், உள்பக்க முனைக்கு இல்லை.

ஜூன் 15

துண்டுதான். இடதில் மட்டும். ரெண்டு முழங்கையையும் சேர்த்தேதான் எடுத்தார்கள், இது பலருக்கு இரு பக்கமும் இருக்கும், அப்போது ரெண்டு காலும் சமமாக வலிப்பதால் நாய் நொண்டாமலே, சும்மா சோம்பேறி மாதிரி நடக்குமாம்.

“அப்போ முதல் டாக்டர் தவறவிட்டாரா?” என்று கேட்பவர்களுக்கு: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு இருந்த அறிகுறிக்கு அவர் சொன்னது நியாயமான முதல் படி. திரும்ப வந்தால் எக்ஸ்ரே என்று அவரே சொல்லித்தான் அனுப்பினார். முழங்கையில் ஏதோ இருக்கிறது என்று அன்றே கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது, சீட்டில் எழுதியும் இருக்கிறார். நடுவில் பானோஸ்டைட்டிஸ் புகுந்து மேடையைப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 28

மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுத் துண்டை எடுத்துவிட்டார்கள். பாசிப்பயறு அளவுதான். வெட்டுக் காயம் ரெண்டு புள்ளி.

இதனால் மூட்டு புதுசாக ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த மூட்டில் தேய்மானம் வரும், எடையை ஏறவிடாமல் வைத்திருந்தால் மெதுவாக வரும். இவனை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது என்றும் சொன்னார், இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தகப்பனின் முழங்கை, இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஜூலை 14

ஆறு வாரம்போல ஓய்வு என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். பதினோரு மாத நாய்க்கு அதைப் படித்துக் காட்டுவது யார்? கைகொடுத்தது மூக்கு. சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல், பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் அரைமணி நேரம் படுத்தபடியே மோந்து மோந்து பிரிக்கிறான். ஓடுவதை விட இதில் சீக்கிரம் களைத்துப்போகிறான். வழுக்குகிற தரையில் பாய் போட்டுவிட்டோம். இரண்டு பாய்களைத் தின்றுவிட்டான், அது வேறு கணக்கு.

ஆகஸ்ட் 9

கயிறில்லாமல் ஓட அனுமதி கிடைத்தது. புதிய வீடியோவில் தலை ஆடவில்லை. அப்பா மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு “ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு ஆபரேஷன் பண்ணீங்க?” என்றார்.

ஆகஸ்ட் 16

சின்ன நாய் வைத்திருப்பவர் கேட்டது: நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மூன்று அடி தத்துகிறது, அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. இது என் கதையில் வராத சமாச்சாரம். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு தடத்தை விட்டு உள்பக்கம் நழுவி, தானே திரும்ப உட்காருவதால் இப்படி நடக்கும். லேசாக இருந்தால் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள், அடிக்கடி நழுவினால் அறுவைசிகிச்சை. ஒரு வயதுக்குள் இருக்கிற சின்ன நாய், தத்தாமல் விடாமல் நொண்டிக்கொண்டே வந்து தொடையும் மெலிந்தால் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்தம் போகாமல் கெடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகஸ்ட் 17

கீழே கடைசியாகக் கேட்டவருக்கு. பாதத்தைத் தூக்காமல் இழுத்து வைக்கிறது, விரல்கள் மடங்கி மேல்பக்கம் தரையில் உரசுகிறது, நகத்தின் முன்பக்கம் தேய்ந்திருக்கிறது, ஆனால் வலிப்பதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். வலி இல்லை என்பதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இது மூட்டுக் கதையாகத் தெரியவில்லை, நரம்பு அல்லது முதுகுத்தண்டாக இருக்கலாம். ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம் என்று மேலே நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கும்போது முதுகு வளையாமல் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். முடிந்தால் கிளம்புமுன் ஒரு வீடியோ, இல்லையென்றாலும் பரவாயில்லை. வந்து எழுதுங்கள்.